நான்கு விநாடி ஜன்னல்

ஜனவரி 12, திங்கள்

ஷிப்டுப் பதிவேட்டில் ‘கழுதை’ என்று எழுதக்கூடாதாம். குழுத் தலைவர் வசுமதி மேடம் இன்று கூப்பிட்டு வைத்துச் சொன்னார். வெற்றிடப் பம்பைத்தான் அப்படி எழுதியிருந்தேன், ஆளை இல்லை. அது உலகம் முழுக்கப் படிக்கிற பதிவேடு, திட்டித்தான் ஆகவேண்டும் என்றால் சொந்தமாக ஒரு டைரி வைத்துக்கொள் என்றார். வைத்துக்கொண்டேன். வெற்றிடப் பம்பு ஒரு கழுதை.

இன்னொரு வேலையும் தலையில் கட்டினார். எங்கள் உணர்கருவி இதுவரை விண்ணிலிருந்து பிடித்த ஈர்ப்பலைகளின் பட்டியல் பிப்ரவரி பதினாலாம் தேதி மூடப்படுகிறது. அதில் சந்தேகத்தில் தொங்குகிற ஒன்றைச் சோதித்து, ‘வைக்கலாம்’ அல்லது ‘நீக்கவும்’ என்று நான் எழுதவேண்டும். அதன் பெயர் விலாங்கு.

அது வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்த ஆகஸ்ட் மாலையில் மற்ற நாடுகளின் கருவிகள் எல்லாம் ஏதோ ஒரு பழுதில் படுத்திருந்தன. விழித்திருந்தது இந்தத் தக்காணத்துப் பருத்திக்காட்டில் நாங்கள் மட்டும். அதனால் சாட்சிக்கு ஆள் இல்லை. கட்டுப்பாட்டு அறைத் திரையில் கீழிருந்து மேலே வழுக்கி ஏறிய கோட்டை முதலில் பார்த்தவன் ஷிப்டில் இருந்த ஜெரோம். அவன் வைத்த பெயர் அது. நாங்கள் எல்லாரும் திரையில் வருகிற இரைச்சல்களுக்கு முறுக்கு, சீப்பு, வளையல் என்று பெயர் வைப்போம். தூத்துக்குடிக்காரன் மட்டும் எல்லாவற்றுக்கும் மீன் பெயர்தான் வைப்பான்.

வேறு யாருக்காவது கொடுங்கள் என்றேன். வேறு யார் இருக்கிறார்கள் என்றார். சரிதான். ஜெரோம் இருந்தால் அவனே செய்திருப்பான். போன பிப்ரவரியில் மூளைக் காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் போய்விட்டான்.

அவ்வளவுதான் அந்த விஷயம்.

ஜனவரி 13, செவ்வாய்

பராமரிப்பு நாள். பம்பு சரியாகிவிட்டது. விடுதி சலவை இயந்திரம் என் சாம்பல் சட்டையைத் தின்றுவிட்டது.

ஜனவரி 15, வியாழன்

மெஸ்ஸில் பொங்கல் என்று ஒன்று கொடுத்தார்கள். சமையல்காரர் பாவம், வீடியோ பார்த்துச் செய்தாராம். வெல்லம் போட்ட அவல்.

முன்பு பண்டிகை என்றால் என் அறையில்தான் சமையல். ஜெரோம் ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டை மின்னடுப்பில் வறுப்பான். மூன்றாம் மாடிவரை கதவு தட்டுவார்கள். அவன் கதவை ஒரு விரற்கடை திறந்து, ‘செத்த எலிய எரிச்சிட்டு இருக்கோம் சார், இப்பம் முடிஞ்சிரும்’ என்பான். எனக்குக் கருவாடு பிடிக்காது. மூன்று வருஷம் தின்றேன்.

அவன் தங்கை பெனிட்டா போன் செய்தாள். தூத்துக்குடியில் பள்ளிக்கூட ஆசிரியை. வருகிற மாதம் இருபதாம் தேதி ஜெரோமுக்கு முதலாண்டு நினைவுத் திருப்பலியாம். கோயிலில் எல்லாருக்கும் நினைவு அட்டை கொடுப்பார்கள், ஒரு பக்கம் படம், மறுபக்கம் நாலு வரி. அதில் ‘விண்ணிலிருந்து வந்த அலையை முதலில் கண்டவர்’ என்று போடச் சொல்லி அவள் அப்பா நிற்கிறாராம். போடலாமா என்று கேட்டாள். அச்சகத்துக்குப் பன்னிரண்டாம் தேதிக்குள் கொடுக்கவேண்டும்.

இன்னும் சோதனை முடியவில்லை, முடிந்ததும் சொல்கிறேன் என்றேன். முடிந்ததும் போடலாம் என்றுதான் அவள் புரிந்துகொண்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

ஜனவரி 19, திங்கள்

விலாங்கு நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு கருந்துளைகள், ஒவ்வொன்றும் சூரியனைப்போல முப்பது மடங்குக்கு மேல், ஒன்றை ஒன்று சுற்றி மோதினால் கோடு எப்படி ஏறவேண்டுமோ அப்படி ஏறுகிறது. ஆனால் அலை வந்தால் இம்மியளவு ஆடும் எங்கள் கருவியின் கண்ணாடிகளை உலுக்க வானம்தான் வேண்டும் என்றில்லை. லாரி போதும். இடி போதும். இங்கே கொஞ்ச நாள் வேலை பார்த்தவன் எவனும் அப்புறம் கதவை அறைந்து சாத்தமாட்டான். ஊருக்குப் போனால் டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல்தான் வைக்கிறேன். காபி பிடிக்கவில்லையா என்று அம்மா கேட்கிறாள்.

அதற்காகத்தான் வளாகம் முழுக்க நிலநடுக்கமானி, காந்தமானி, மைக். அலை வந்த நொடிக்கு முன்னும் பின்னும் நான்கு நான்கு விநாடிகள் ஒரு ஜன்னல். அதற்குள் எந்த அசைவும் இருக்கக்கூடாது. மென்பொருள் எல்லாவற்றையும் பார்த்து ‘சுத்தம்’ என்று சொல்லிவிட்டது. சாட்சி இல்லாத அலை என்றால் மனிதனும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்பது மேடம் போட்ட விதி. பார்த்தேன். பிறகு காதில் மாட்டிக் கேட்டேன்.

லேசர் கூடத்தை ஒட்டிய உடைமாற்றும் அறை. வெள்ளை அங்கிகளை மாட்டிக்கொள்ளும் இடம். கருவி கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அங்கே ஈ, காக்கை போகக்கூடாது. அந்த அறையின் மைக்கில், அலைக்கு ஒன்றரை விநாடி முன்னால், டமார் என்று ஒரு சத்தம். அங்கிருக்கும் தகர பீரோவின் மேல் கை விழுந்த சத்தம்.

அதற்குப் பிறகு குரல். ‘அவ்வளவுதான்.’

இரண்டாம் முறை கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. ஜெரோம்.

ஜனவரி 20, செவ்வாய்

காலையிலேயே மேடத்திடம் சொன்னேன். மென்பொருளின் வரம்புக்குக் கீழே இருந்த சத்தம், நான் வாயைத் திறக்காவிட்டால் யாரும் அந்த மைக்கைக் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் சொன்னேன். வேலை அதுதான்.

மேடம் அந்த ஆகஸ்ட் மாலையின் பதிவேட்டைத் திறந்தார். அன்று பதிவேட்டில் ‘ஷிப்டு முழுவதும் கட்டுப்பாட்டு அறையில்’ என்று ஜெரோம் எழுதியிருக்கிறான் என்பதை இருவரும் பார்த்தோம். அடித்துவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் திரையில் கோட்டைப் பார்த்திருப்பான். விலாங்கு அவன் கை பீரோவில் விழுந்த அதிர்வாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்தச் சத்தம் கண்ணாடியை எட்டவே எட்டாது என்று நிரூபித்தால் வைக்கலாம். இல்லையென்றால் விதிப்படி நீக்கவேண்டியதுதான்.

“அவன் அங்க என்னதான் பண்ணிட்டிருந்தான் பரிதி?” என்றார்.

தெரியாது என்றேன். மடையன் என்று சேர்த்துச் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்த டைரி. மடையன்.

ஜனவரி 21, புதன்

பெனிட்டாவிடம் சொல்லிவிட்டேன். இழுத்தடிப்பது எனக்கு வராது. அந்த வரியை அட்டையில் இப்போதைக்குப் போடவேண்டாம், அது அலைதானா என்பதே சந்தேகமாகிவிட்டது, அந்த நேரத்தில் உன் அண்ணன் இருக்கக்கூடாத இடத்தில் இருந்திருக்கிறான் என்றேன்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். மாதா கோயில் பங்குச் சாமியார்வரைக்கும் அவர் சொல்லியாயிற்றாம். துறைமுகத்தில் கூட வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரியுமாம்.

“வேற யாரும் இதக் கண்டுபிடிச்சாவளா?”

“இல்ல. நான்தான்.”

“அப்பம் நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்லா அண்ணே.”

“இருந்திருக்கலாம். அப்புறம் அது பொய்யாயிருமே.”

“பரிதி வாயத் தொறந்தா கத்திரிதான்னு அண்ணன் சொல்லுவான். வெட்டிட்டு, அளவு சரியாத்தான இருக்குன்னு கேப்பானாம்.” அப்புறம் அவளே, “அளவு சரியாத்தான் இருக்கு. வச்சிருதேன்” என்று வைத்துவிட்டாள்.

பைக் செயினுக்கு எண்ணெய் விட்டேன். நேற்றே விட்டிருந்தேன்.

ஜனவரி 24, சனி

ஒரு சத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்யமுடியாது. அதே சத்தம் வேறு நாட்களில் வந்திருக்கிறதா, அப்போது கண்ணாடி ஆடியதா என்று பார்க்கவேண்டும். அதற்காக அந்த ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் உடைமாற்றும் அறை மைக் பதிவு செய்தது அத்தனையையும் இறக்கிக்கொண்டேன்.

இருந்தது. நிறைய இருந்தது. அவன் ஷிப்டு இருந்த பெரும்பாலான மாலைகளில் அங்கே போயிருக்கிறான். கதவு மெல்லத் திறக்கும். செருப்பைக் கழற்றுவான். தொண்டையைச் செருமுவான்.

“அன்பான மாணவச் செல்வங்களே... ச்சீ, வேண்டாம். கட்சிக் கூட்டம் மாதிரி இருக்கு.” மறுபடி செருமல். “பிள்ளைகளா. கப்பல் பாத்திருக்கியளா?”

பேச்சு. ஏதோ பள்ளிக்கூடத்தில் பேசுவதற்கு ஒத்திகை. எதிரே கேட்டுக்கொண்டிருந்தது கம்பியில் வரிசையாகத் தொங்குகிற வெள்ளை அங்கிகள். அவற்றில் ஒன்றை “அங்க கடைசி பெஞ்சுல என்னல சிரிப்பு” என்று அதட்டுகிறான்.

நான்கு பேர் எதிரே உட்கார்ந்தால் இவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். குழுக் கூட்டத்தில் ஒரு வரைபடத்தை விளக்கச் சொன்னால், ‘நீ சொல்லுல பரிதி’ என்று என் பக்கம் தள்ளிவிடுவான். நான்தான் எல்லாவற்றையும் சொல்வேன். அவன் கண்டுபிடித்ததையும்.

ஜனவரி 25, ஞாயிறு

பேச்சு நாளுக்கு நாள் மாறுகிறது. ஜூனில் சமன்பாடு எல்லாம் சொல்லி மூச்சு வாங்குகிறான். ஜூலையில் அதையெல்லாம் விட்டுவிட்டான். ஒரு நல்ல நாளில் இப்படிப் போகிறது, எழுதிவைக்கிறேன், புள்ளியியலுக்கு உதவும்:

“பெரிய கப்பல் ஒண்ணு வெளித்துறைமுகம் தாண்டிப் போகுது. போயி மறைஞ்சே போச்சு. நீங்க கரையில நிக்கிய. ரொம்ப நேரம் கழிச்சு ஒரு அலை வந்து கால நனைக்கும். கப்பலக் காணல. அலை மட்டும் வந்திருக்கு. அந்த அலையப் பாத்து, போன கப்பல் எவ்வளவு பெருசுன்னு சொல்லணும். அதாம் பிள்ளைகளா எங்க வேலை. எங்க கப்பல் கறுப்பு. கறுப்புன்னா உங்க வாத்தியார் குடை மாதிரி இல்ல, வெளிச்சமே வெளிய வராத கறுப்பு. ரெண்டு கப்பல். ஒண்ண ஒண்ணு சுத்தும். சுத்திச் சுத்தி, சுத்திச் சுத்தி, கிட்ட வந்து, கிட்ட வந்து...”

டம். பீரோவில் கை.

“அவ்வளவுதான். இதுக்குமேல வானத்துல ஒண்ணும் கிடையாது. கோடிக்கணக்கான வருசம் கழிச்சு நம்மட்ட அலை வரும். வந்து நாலு கிலோமீட்டர் நீளத்த, ஒரு புரோட்டான்ல நூத்துல ஒரு பங்கு ஆட்டும்.”

ஆக, கருந்துளைகள் மோதுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தகரத்தில் அடித்திருக்கிறான். அந்த அடிதான் கருந்துளைகள் மோதிய அலையாக எங்கள் பட்டியலில் ஏறியிருக்கிறதோ என்பது இப்போது கேள்வி. இந்த மாதிரித் தப்பை இந்த உலகத்தில் எங்களால் மட்டும்தான் செய்யமுடியும்.

நூற்றில் ஒரு பங்கு தப்பு. ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு சத்தமாகத் திருத்தியிருக்கிறேன் போல. பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டினான்.

ஜனவரி 28, புதன்

அடிகளைப் பிரித்துவிட்டேன். பாதிக்குமேல் கருவி வேலை செய்யாத நேரத்தில் விழுந்தவை, பயனில்லை. மீதியில் எதுவும் கண்ணாடியை ஆட்டவில்லை. ஆனால் அவையெல்லாம் மெல்லிய அடிகள். விதியை மீறுகிறோம் என்ற பயத்தோடு தட்டுகிற தட்டு. ஆகஸ்ட் மாலையில் விழுந்தது மட்டும் ஓங்கி விழுந்த அடி. அன்று பேச்சு தடங்கல் இல்லாமல் ஓடியிருக்கிறது. இடத்தை மறந்துவிட்டான்.

மேடம் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இது போதாது, அதே பலத்தில் சத்தம் எழுப்பிப் பார்க்கவேண்டும் என்றார். அடுத்த செவ்வாய்.

ஜனவரி 31, சனி

இன்றைக்குக் கேட்டதில் அடி எதுவும் இல்லை. பொட்டலம் பிரிக்கிற சத்தம், மெல்லுகிற சத்தம். ஊரிலிருந்து கொண்டுவந்த மக்ரூன், முந்திரி இனிப்பு. சுத்த அறையில் மக்ரூன்! முந்திரித்தூள் ஒரு துணுக்குக் கண்ணாடியில் பட்டிருந்தால் பல கோடி ரூபாய்.

“பரிதிக்கு ரெண்டு வைக்கணும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். பிறகு இன்னும் ஒன்று மெல்லுகிற சத்தம்.

அவன் அறைக்குக் கொண்டுவரும் பொட்டலத்தில் எப்போதும் ஒன்றுதான் இருக்கும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

பராமரிப்பு முடிந்து, கருவி லாக் ஆன பிறகு சோதனை. லாக் என்றால் லேசரும் கண்ணாடிகளும் ஒன்றோடொன்று இணங்கி அசையாமல் நிற்பது. பிடிவாதக் குழந்தையைத் தூங்கவைப்பது மாதிரி. உடைமாற்றும் அறையில் பெரிய ஒலிபெருக்கியை வைத்து, அந்த ஆகஸ்ட் மாலையின் பதிவைப் பல மடங்கு சத்தத்தில் ஓட்டினோம். நான் கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி இம்மியும் அசையவில்லை.

மேடத்துக்குத் திருப்தி இல்லை. ஒலிபெருக்கி காற்றைத்தான் ஆட்டும். தகர பீரோவில் கை விழுந்தால் தரை வழியாகவும் அதிர்வு போகும். அதனால் நிஜமாகவே ஒரு கை அதே இடத்தில் விழவேண்டும். நியாயம். நான் எழுந்து போவதற்குள் சுமத்ரா பக்கம் நிலநடுக்கம், லாக் போய்விட்டது. இன்றைய நாள் அவ்வளவுதான்.

பட்டியல் பதினாலாம் தேதி. அச்சகம் பன்னிரண்டு. நடுவில் ஒரே ஒரு செவ்வாய்.

பிப்ரவரி 6, வெள்ளி

பெனிட்டாவிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம். “சரி, ‘அன்பு மகன்’ மட்டும் போடச் சொல்லிட்டாங்க” என்று இருந்தது.

பதில் எழுதி அழித்தேன். ‘பொறு’ என்று மட்டும் அனுப்பினேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். குரல் ஏன் இப்படி இருக்கிறது என்றாள். எப்படி இருக்கிறது என்றேன். “திருநெவேலிக்காரனாட்டம் இழுக்கற” என்றாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இதை முழுசாக எழுதவேண்டும்.

மதியம் லாக் ஆயிற்று. காற்று இல்லை, பருத்திக்காட்டில் டிராக்டர் இல்லை. நான் உடைமாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். மேடம் கட்டுப்பாட்டு அறையில், மைக் வழியாக என்னைக் கேட்டுக்கொண்டு.

பீரோவின் இடது கதவில், தோள் உயரத்தில், லேசாக ஒரு பள்ளம். இத்தனை நாள் அந்த பீரோவைத் திறந்து மூடியிருக்கிறேன், பார்த்ததில்லை. அங்கே ஓங்கி அடித்தேன். மேடம் அளவைப் பார்த்துவிட்டு, பாதிகூட இல்லை என்றார். மறுபடி அடித்தேன். கூடிப்போயிற்று, சத்தத்தின் வடிவமும் வேறு என்றார். ஏழெட்டு முறை அடித்தும் அவன் அடி வரவில்லை. என் அடி கோபத்தில் அடிக்கிற அடி. அவனுடையது வேறு.

அப்போதுதான் தெரிந்தது, அந்த அடி தனியாக வராது என்று. அதற்கு முன்னால் சுத்திச் சுத்தி வரவேண்டும்.

அங்கிகளுக்கு எதிரே நின்றேன். செருமிக்கொண்டேன். “பிள்ளைகளா. கப்பல் பாத்திருக்கியளா?” என்று ஆரம்பித்தேன். கரூர்க்காரன் வாயில் அது எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. கப்பல் போயிற்று, மறைந்தது, அலை வந்து காலை நனைத்தது. வாத்தியார் குடை. ரெண்டு கப்பல். சுத்திச் சுத்தி, கிட்ட வந்து, கிட்ட வந்து, அடித்தேன். “அவ்வளவுதான்” என்றேன். அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. ஒரு புரோட்டானில் நூற்றில் ஒரு பங்கு என்று அவன் தப்பையும் அப்படியே சொன்னேன். சோதனையில் எதையும் மாற்றக்கூடாது.

ஒலிபெருக்கியில் மேடம் குரல் வந்தது. அதே அடி, கிட்டத்தட்ட கோட்டுக்குக் கோடு பொருந்துகிறது என்றார்.

“கண்ணாடி?” என்றேன்.

“ஒண்ணுமே தெரியல பரிதி. சுத்தமா ஒண்ணுமில்ல.”

இன்னும் பத்து முறை செய்தோம். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து. கை வீங்கிவிட்டது. ஒருமுறைகூட அந்தக் கோடு அசையவில்லை. இத்தனை நேரம் அவன் பேசியது, செருமியது, மென்றது, அடித்தது எதுவும் நான்கு கிலோமீட்டர் கருவியில் ஒரு துளி இல்லை. அவன் அதில் இல்லவே இல்லை. விலாங்கு மேலேயிருந்துதான் வந்தது.

வெளியே வந்தபோது மேடம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ‘வைக்கலாம்’ என்று எழுது, உடைமாற்றும் அறையில் ஆள் இருந்ததையும் மறைக்காமல் எழுது என்றார். சரி என்றேன்.

“பத்து தடவையும் பேச்சு பூராவும் சொல்லணும்னு நான் கேக்கலையே. அடிக்கிற வரைக்கும் சொன்னாப் போதாதா?”

“வேகம் சரியா வரணுமில்லீங்க மேடம்.”

“ம்” என்றார். என் கையைப் பார்த்தார். மெஸ்ஸில் ஐஸ் இருக்கும் என்றார்.

அதற்குப் பிறகு பெனிட்டாவுக்குப் போன் செய்தேன். பள்ளிக்கூடத்தில் இருந்தாள், பின்னால் மணி அடித்துக்கொண்டிருந்தது. அந்த வரியைப் போடச் சொல், அது அலைதான், நான் கையெழுத்துப் போட்டாயிற்று என்றேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கேட்டாள்:

“இருக்கக்கூடாத எடத்துல இருந்தான்னு சொன்னீங்கள்லா. அந்த நேரத்துல என்னதான் செஞ்சிட்டு இருந்தானாம்?”

“பேசிட்டு இருந்தான்.”

“யார்ட்ட?”

“ஸ்கூல் பிள்ளைககிட்ட. ஒத்திகை. மூணு மாசமா.”

மணி நின்றுபோயிருந்தது.

“எங்க ஸ்கூலுக்குத்தான் அண்ணே” என்றாள். “அந்த வருசம் அறிவியல் விழாவுக்கு நான்தான் கூப்பிட்டேன். மூணு தடவ கூப்பிட்டேன். நேரம் இல்ல, வேற ஆளப் பாருன்னுட்டான். நான் அவன்ட்ட ஒரு மாசம் பேசல.” நிறுத்தினாள். “நல்லாப் பேசுனானா?”

“நல்லாப் பேசினான். ரெண்டு எடத்துல தப்பு.”

சிரித்துவிட்டாள். அழுகிறவள் சிரிக்கிற சிரிப்பு. என்ன தப்பு என்றாள். நூறு இல்லை, ஆயிரத்துக்கும் கீழே என்றேன். கப்பல் அலை தண்ணீரில் போவது, இந்த அலையில் ஆடுவது இடமேதான், அதை அவன் சொல்லவில்லை என்றேன்.

“இருங்க, இருங்க. மெதுவா. முதல்லேருந்து சொல்லுங்க” என்றாள்.

நாற்காலி இழுபட்டது. யாரோ ஒரு பிள்ளையிடம் அவள் சாக்பீஸ் கேட்பது கேட்டது.